சூளைக்குள் ஏற்றமும் இல்லை, ஒடுக்கமும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் பிளஸ் ஒன் வேதியியலுக்கான மாதிரி வினாக்களும் விடைகளும் வெளியாகியிருந்தன. அதில் ஏழாவது வினா: கீழ்க்கண்டவற்றில் எது ஆக்ஸிஜனேற்ற ஒடுக்க வினை? விடைகளாக நான்கு கொடுத்திருந்தீர்கள். முதலாவது, தாமிர சல்பேட் கரைசலில் துத்தநாகத் துண்டைப் போடுவது. இரண்டாவது, சுண்ணாம்புக் கல்லைச் சூடாக்குவது. மூன்றாவது, வெள்ளி நைட்ரேட் கரைசலில் உப்புக் கரைசலை ஊற்றுவது. நான்காவது, அமிலத்தைக் காரத்தோடு சேர்ப்பது. சரியான விடை இரண்டாவது என்று அச்சிட்டிருக்கிறீர்கள். ஒரு வரியில் காரணமும் இருக்கிறது: சூடாக்கும்போது கார்பனேட்டிலிருந்து ஆக்ஸிஜன் பிரிந்து போகிறதாம்.

தவறு. சரியான விடை முதலாவது. இதற்கு ஒரு வரித் திருத்தம் போட்டால் போதும் என்று தாங்கள் நினைக்கலாம். எனக்கு அது போதாது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம், நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேதியியல் ஆசிரியர் அல்லன். கல்குளம் வட்டத்தில் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் 1983 முதல் 2015 வரை ஆய்வக உதவியாளராக இருந்தவன். படிப்பு புதுமுக வகுப்போடு சரி. பிப்பெட், ப்யூரெட் என்ற அளவுக் குழாய்களைக் கழுவுவது, கரைசல்கள் தயாரிப்பது, உடைந்த சோதனைக் குழாய்க்குக் கணக்கு எழுதுவது, இவைதான் என் வேலை. எங்கள் ஆய்வகத்துக்கும் வகுப்பறைக்கும் நடுவில் அரைச்சுவர்தான் உண்டு. ஒரு மாணவன் ஒரு முறை கேட்கிற பாடத்தை நான் 32 முறை கேட்டேன். மந்தமானவனுக்கும் அத்தனை முறை கேட்டால் கொஞ்சம் ஏறும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாய்பாடுகளைக் குறியீட்டில் எழுதினால் கீழே வரவேண்டிய சிறிய எண்கள் அச்சில் இடம் மாறிவிடுகின்றன. தங்கள் பக்கத்திலேயே மூன்று இடங்களில் மாறியிருந்தன. ஆகவே எல்லாவற்றையும் பெயராகவே எழுதுகிறேன்.

சுண்ணாம்பு விஷயத்தில் எனக்குக் கோபம் வரக் காரணம் உண்டு. என் அம்மையின் அப்பா குளச்சல் பக்கம் சுண்ணாம்புச் சூளை வைத்திருந்தார். கல் அல்ல, சிப்பி. கடற்கரையில் பொறுக்கிச் சுமந்து வரும் சிப்பிக்குச் சுமைக்கு இவ்வளவு என்று காசு கொடுப்பார். சூளைக்குள் ஒரு வரிசை சிரட்டைக்கரி, ஒரு வரிசை சிப்பி, மறுபடியும் கரி, மறுபடியும் சிப்பி என்று அடுக்கி அடியில் தீ வைப்பார்கள். விடிய விடிய எரியும். மறுநாள் அள்ளும்போது சிப்பியின் வடிவம் அப்படியே இருக்கும், வரிகூட அழிந்திருக்காது. ஆனால் கையில் எடுத்தால் கனம் இருக்காது. பாதிக்குச் சற்றே கூடுதலான எடைதான் மிஞ்சும். நூறு கிலோ சுத்தமான சிப்பி வெந்தால் ஐம்பத்தாறு கிலோ சுண்ணாம்பு. மீதி நாற்பத்து நான்கு கிலோ கண்ணுக்குத் தெரியாமல் கார்பன் டை ஆக்ஸைடாகப் புகையோடு போய்விடும். அந்த நாற்பத்து நான்கு கிலோவைப் பார்த்துத்தான் தங்கள் விடை எழுதியவர், ஆக்ஸிஜன் போகிறது, ஆகவே ஒடுக்கம் நடக்கிறது என்று எண்ணிவிட்டார்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு அணுவுக்கும் ஆக்ஸிஜனேற்ற எண் என்று ஒன்று உண்டு. எலக்ட்ரானைக் கொடுத்தால் அந்த எண் ஏறும், அது ஆக்ஸிஜனேற்றம்; வாங்கினால் இறங்கும், அது ஒடுக்கம். சிப்பி என்பது கால்சியம் கார்பனேட். ஒரு கால்சியம், ஒரு கார்பன், மூன்று ஆக்ஸிஜன். கால்சியத்துக்கு +2. ஆக்ஸிஜனுக்கு ஒவ்வொன்றுக்கும் −2, மூன்றுக்கும் சேர்த்து −6. மொத்தம் பூஜ்யமாக வேண்டும் என்றால் கார்பனுக்கு +4. இது வேகும் முன் எழுதிய கணக்கு. வெந்தபின் சுட்ட சுண்ணாம்பில் கால்சியம் +2, ஆக்ஸிஜன் −2. வெளியே போன கார்பன் டை ஆக்ஸைடில் இரண்டு ஆக்ஸிஜனுக்கும் சேர்த்து −4, ஆகவே கார்பன் +4. முன்பு இருந்த எண்கள்தான் பின்பும். ஒருவர் எண்ணும் ஏறவில்லை, ஒருவர் எண்ணும் இறங்கவில்லை. தொள்ளாயிரம் டிகிரிக்குப் பக்கத்தில் கொதிக்கிற சூளைக்குள் போய்வந்தும் சிப்பியின் கணக்கில் ஓர் எலக்ட்ரான்கூடக் கைமாறவில்லை.

அதோடு முடியவில்லை. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றி நீற்றுவார்கள். சீறிக்கொண்டு ஆவி பறக்கும்; சிறுவனாக இருந்தபோது அதில் கால் வைத்துக் குதிகால் வெந்து பத்து நாள் நொண்டியிருக்கிறேன். அவ்வளவு சூடு கிளம்புகிற அந்த வினையிலும் எண் மாற்றம் கிடையாது. நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் அடித்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடை மெல்ல மெல்ல இழுத்து மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாகிவிடும். கடலில் கிடந்த சிப்பி சுவரில் ஏறிக்கொண்டது, அவ்வளவுதான். போய்த் திரும்பி வந்த பாதை முழுவதிலும் ஏற்றமும் இல்லை, ஒடுக்கமும் இல்லை.

ஆனால் அதே சூளையில் அந்தச் சிரட்டைக்கரி? கரி தனிமம், அதற்குப் பூஜ்யம். எரிந்து கார்பன் டை ஆக்ஸைடானபின் அதே கார்பனுக்கு +4. காற்றிலிருந்து வந்த ஆக்ஸிஜனுக்குப் பூஜ்யம், எரிந்தபின் −2. ஆக்ஸிஜனேற்றமும் ஒடுக்கமும் நடப்பது கரியில்தான், சிப்பியில் அல்ல. இரண்டிலிருந்தும் கிளம்புவது ஒரே கார்பன் டை ஆக்ஸைடு. எது கரியிலிருந்து வந்தது, எது சிப்பியிலிருந்து வந்தது என்று முகர்ந்து பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது. எண்ணைப் போட்டால்தான் தெரியும்.

தங்கள் முதல் விடையையும் பார்த்துவிடுவோம். துத்தநாகத் துண்டுக்குப் பூஜ்யம். கரைசலில் தாமிரத்துக்கு +2. சற்று நேரத்தில் நீலம் வெளுக்கிறது, துண்டின் மேல் செம்பழுப்பாகப் பொடி படிகிறது. இப்போது தாமிரத்துக்குப் பூஜ்யம், துத்தநாகத்துக்கு +2. இரண்டு எலக்ட்ரான்கள் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குப் போயின. சல்பேட் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. இதில் ஆக்ஸிஜன் எங்கும் சேரவும் இல்லை, எதிலிருந்தும் பிரியவும் இல்லை. ஆனாலும் துத்தநாகம் ஆக்ஸிஜனேற்றம் அடைந்தது என்கிறோம்.

பிள்ளைகள் மட்டுமல்ல, விடை எழுதுகிறவர்களும் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான். குற்றம் பாதி சொல்லின் மேல். ஆக்ஸிஜன் என்ற பெயரைப் பிரெஞ்சு வேதியியலாளர் லாவாசியே வைத்தது 1777இல். அந்தக் காலத்தில் ஆக்ஸிஜனோடு சேர்வது ஒன்றுதான் ஆக்ஸிஜனேற்றம். எலக்ட்ரான் என்று ஒன்று இருப்பதை ஆங்கிலேய இயற்பியலாளர் தாம்சன் காட்டியது 1897இல். இடையில் 120 ஆண்டுகள். பொருள் விரிந்துவிட்டது, சொல் மட்டும் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. நாகர்கோவிலில் பழைய புத்தகக் கடை ஒன்றில் எனக்கு இலங்கைப் பாடநூல் ஒன்று கிடைத்தது. அவர்கள் ஒடுக்கம் என்று சொல்வதில்லை; தாழ்த்தல் என்கிறார்கள். எண் தாழ்கிறது, ஆகவே தாழ்த்தல். என்னைக் கேட்டால் அது நம்முடைய சொல்லைவிடத் தெளிவாக இருக்கிறது. ஏறினால் ஏற்றம், தாழ்ந்தால் தாழ்த்தல். ஆக்ஸிஜனைத் தேடி அலைய வேண்டாம்.

அடுத்தது பதினோராவது வினா. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் மாங்கனீஸின் ஆக்ஸிஜனேற்ற எண் +7 என்பது சரி. பொட்டாசியம் +1, நான்கு ஆக்ஸிஜனுக்கு −8, மீதி +7. ஆனால் விளக்கத்தில், மாங்கனீஸ் அணு ஏழு எலக்ட்ரான்களை இழந்து ஏழு நேர்மின்சுமையோடு நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி எதுவும் நிற்கவில்லை. +7 என்பது பேரேட்டில் எழுதும் எண்.

எங்கள் ஊர்க்காரருக்குப் புரியும்படி சொல்கிறேன். இரண்டு பேர் தோப்புக்கு நடுவே வரப்பில் ஒரு தென்னை நிற்கிறது. விழுகிற தேங்காயை இருவரும் ஏதோ ஒரு விகிதத்தில் எடுத்துக்கொள்கிறார்கள். கணக்கு எழுதுகிறவன், யார் எத்தனை எடுத்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்க முடியாமல், இருவரில் எவன் வலியவனோ அவன் பெயரிலேயே எல்லாத் தேங்காயையும் எழுதிவிடுகிறான். ஆக்ஸிஜனேற்ற எண்ணும் அப்படித்தான். இரண்டு அணுக்கள் பங்கிட்டுக்கொள்ளும் எலக்ட்ரான்களை, எது அதிகமாக இழுக்கிறதோ அதன் பெயரில் முழுவதுமாக எழுதிவிட்டால், ஒவ்வொரு அணுவும் பேரேட்டில் எத்தனை கொடுத்தது அல்லது எத்தனை பெற்றது என்று வருகிறதே, அதுதான் அந்த எண். உண்மையான மின்சுமை வேறு. பெர்மாங்கனேட்டில் மாங்கனீஸின் மேல் இருக்கும் உண்மையான சுமை ஏழுக்குப் பக்கத்திலேயே வராது.

இதைச் சொல்லாமல் விட்டால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் இருக்கிறது. எங்கள் மாவட்டத்துப் பயிற்சி மையம் ஒன்றில் என் பேத்தி படிக்கிறாள். அங்கே எட்டு விதிகளும் பதினோரு விதிவிலக்குகளும் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆக்ஸிஜன் −2, ஆனால் பெராக்ஸைடில் −1, ஃப்ளோரினோடு சேர்ந்தால் +2. ஹைட்ரஜன் +1, ஆனால் சோடியம் ஹைட்ரைடில் −1. மந்திரம்போல ஒப்பிக்கிறாள். தென்னை மரக் கணக்கு தெரிந்தவனுக்கு இவற்றில் ஒன்றுகூட விதிவிலக்கு அல்ல. ஃப்ளோரின்தான் எல்லாரிலும் வலியது; அதோடு சேர்ந்தால் ஆக்ஸிஜனும் கொடுத்துத்தான் ஆக வேண்டும், ஆகவே +2. சோடியத்தைவிட ஹைட்ரஜன் வலியது. ஆகவே அங்கே −1. ஹைட்ரஜன் பெராக்ஸைடில் இரண்டு ஆக்ஸிஜன் கைகோத்து நிற்கின்றன. சமபலம் உள்ள இருவருக்கு நடுவில் இருக்கும் மரத்தின் தேங்காயை யார் பெயரிலும் முழுதாக எழுத முடியாது, பாதிப் பாதிதான். ஆகவே ஒவ்வொரு ஆக்ஸிஜனுக்கும் ஹைட்ரஜனிடமிருந்து வந்த ஒன்று மட்டும்: −1.

போன மாதம் அவள் ஒரு கணக்கோடு வந்தாள். "பாட்டா, குரோமியம் பெராக்ஸைடில் குரோமியத்துக்கு +10 வருகிறது. விடையில் +6 என்று போட்டிருக்கிறார்கள்." ஒரு குரோமியம், ஐந்து ஆக்ஸிஜன். ஆளுக்கு −2 என்று போட்டால் +10 வரத்தான் செய்யும். "குரோமியத்திடம் கொடுப்பதற்கு வெளியில் எத்தனை எலக்ட்ரான் இருக்கிறது?" என்று கேட்டேன். எண்ணிப் பார்த்து, "ஆறு" என்றாள். "ஆறு ரூபாய் வைத்திருப்பவன் பத்து ரூபாய் எப்படிக் கொடுப்பான்?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு தானே படம் வரைந்தாள். ஐந்து ஆக்ஸிஜனில் நான்கு இரண்டிரண்டாகக் கைகோத்தவை, அவற்றுக்கு ஆளுக்கு −1. தனித்து நிற்கும் ஒன்றுக்கு −2. மொத்தம் −6. குரோமியத்துக்கு +6. அவளுடைய அச்சடித்த தாளில் இதற்குப் பன்னிரண்டாவதாக ஒரு விதிவிலக்கு எழுதிவைத்திருந்தாள், அதை அடித்துவிட்டாள்.

பெர்மாங்கனேட்டைப் பற்றிப் பேச்சு வந்ததால் அதைக் கொஞ்சம் சொல்லாமல் விட மனமில்லை. என் பணிக்காலத்தில் பாதி அதன் கறையோடு போயிற்று. செய்முறைத் தேர்வு வந்தால் முந்தைய நாளே கரைசல் தயாரித்துக் கரும்பழுப்புப் புட்டியில் ஊற்றி வைப்பேன். அதற்கு ரப்பர் குழாய் மாட்டிய ப்யூரெட் ஆகாது. கண்ணாடித் திருகு உள்ளதுதான் வேண்டும், ஏனென்றால் பெர்மாங்கனேட் ரப்பரையே ஆக்ஸிஜனேற்றம் செய்து கெடுத்துவிடும். ரப்பர் விளைகிற மாவட்டத்தில் ரப்பர் இல்லாத ப்யூரெட்டுக்காக நான் மன்றாடிய கதை தனி.

பிப்பெட்டில் 20 மில்லி லிட்டர் இரும்பு சல்பேட் கரைசல், அதில் நீர்த்த கந்தக அமிலம், மேலே ப்யூரெட்டில் ஊதாக் கரைசல். சொட்டு விழுந்ததும் நிறம் காணாமல் போகும். விழும், போகும். விழும், போகும். அங்கே நடப்பது இதுதான்: மாங்கனீஸ் +7இலிருந்து +2க்கு இறங்குகிறது, ஐந்து படி. இரும்பு +2இலிருந்து +3க்கு ஏறுகிறது, ஒரு படி. ஒரு மாங்கனீஸ் ஐந்து எலக்ட்ரான் கேட்கிறது, ஓர் இரும்பு ஒன்றுதான் கொடுக்கும். ஆகவே ஒரு பெர்மாங்கனேட்டுக்கு ஐந்து இரும்பு. எல்லா இரும்பும் தீர்ந்தபின் விழும் சொட்டுக்குக் கொடுப்பார் இல்லை. அது ஊதாவாகவே நின்று கரைசல் முழுவதும் இளஞ்சிவப்பாகிவிடும். தனியாக நிறங்காட்டி தேவையில்லை. பேரேட்டில் போட்ட ஒன்றுக்கு ஐந்து என்ற கணக்கு குடுவையில் சொட்டாக வந்து நிற்பதைப் பார்க்கிற பிள்ளைக்கு அப்புறம் விதிகளை ஒப்பிக்கச் சொல்லத் தேவையில்லை.

சில பையன்கள் அவசரத்தில் அமிலத்தைக் குறைத்து ஊற்றிவிடுவார்கள். உடனே கரைசல் தேநீர்போலக் கலங்கும். மாங்கனீஸ் இறங்கும் வழியில் +4இலேயே உட்கார்ந்து மாங்கனீஸ் டை ஆக்ஸைடாகிவிட்டது என்று அர்த்தம். என் விரல்களிலும் மேசையிலும் ப்யூரெட்டுகளிலும் படிந்த பழுப்புக் கறையும் அதுவேதான். சோப்பு போட்டு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அமிலம் சேர்த்த ஆக்ஸாலிக் அமிலக் கரைசலை ஊற்றினால் நுரைத்துக்கொண்டு மறையும். கறையிலுள்ள மாங்கனீஸ் +4இலிருந்து +2க்கு இறங்கிக் கரைந்து போகிறது. ஆக்ஸாலிக் அமிலத்தின் கார்பன் +3இலிருந்து +4க்கு ஏறிக் காற்றாகப் போகிறது. கழுவுவதிலும் கணக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தபின் கழுவுகிற வேலை அவ்வளவு வெறுப்பாக இல்லை.

நிறத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இதில் நானே கோட்டைவிட்டவன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது ஆண்டோ நான்காவது ஆண்டோ, ஆசிரியர் வர நேரமானபோது மாணவர்களுக்கு வேடிக்கை காட்டுவதாக எண்ணி மஞ்சள் நிறப் பொட்டாசியம் குரோமேட் கரைசலில் அமிலத்தை ஊற்றினேன். ஆரஞ்சு நிறமானது. "பார்த்தீர்களா, நிறம் மாறிவிட்டது, இது ஆக்ஸிஜனேற்ற ஒடுக்க வினை" என்று பெருமையாகச் சொன்னேன். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்து சுண்ணாம்புக்கட்டியை என் கையில் கொடுத்தார். குரோமேட் அயனியில் நான்கு ஆக்ஸிஜன், −8. அயனி என்பது மின்சுமை உள்ள துகள், எண்களின் கூட்டு அந்தச் சுமைக்குச் சமமாக வேண்டும்; இங்கே சுமை −2. ஆகவே குரோமியம் +6. டைகுரோமேட்டில் இரண்டு குரோமியம், ஏழு ஆக்ஸிஜன், −14, சுமை −2, ஆகவே இரண்டுக்கும் சேர்த்து +12, ஒன்றுக்கு +6. கரும்பலகையில் நானே எழுதி நானே வெட்கப்பட்டேன். நிறம் மாறியது, எண் மாறவில்லை. அன்றைக்குப் பிறகு கண் சொல்வதை நான் நம்புவதில்லை.

ஆகவே நெருப்பைப் பார்க்காதே, நிறத்தைப் பார்க்காதே, ஆக்ஸிஜன் இருக்கிறதா என்றும் பார்க்காதே. இருபக்கமும் ஒவ்வொரு அணுவுக்கும் எண்ணைப் போடு. இவ்வளவுதான் நான் பேத்திக்குச் சொல்வது. இதற்கு எங்கள் கடற்கரையிலேயே நல்ல சோதனை இருக்கிறது. மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு பக்கம் கடற்கரையில் கறுப்பு மணல் கிடப்பதை வெளியூர்க்காரர்கள் அழுக்கு என்று நினைப்பார்கள். அதில் பெரும்பகுதி இல்மனைட் என்ற தாது. இதே மணலில் மோனசைட் என்ற இன்னொரு தாது இருப்பதை 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார். இங்கிருந்து கப்பலில் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணல்தான் அவருக்குக் காட்டிக்கொடுத்தது.

இல்மனைட்டில் ஓர் இரும்பு, ஒரு டைட்டானியம், மூன்று ஆக்ஸிஜன். ஆக்ஸிஜனுக்கு −6. ஆகவே இரும்பும் டைட்டானியமும் சேர்ந்து +6 கொடுக்க வேண்டும். ஆளுக்கு மூன்றா? இரும்பு இரண்டும் டைட்டானியம் நான்குமா? கூட்டிப் பார்த்தால் இரண்டுமே சரி. அச்சடித்த விதித்தாள் இந்த இடத்தில் கைவிரித்துவிடும். இரும்பு +2, டைட்டானியம் +4 என்பதுதான் உண்மை. அதைத் தாளில் கூட்டிக் கழித்துக் கண்டுபிடிக்க முடியாது, பொருளைச் சோதித்துத்தான் அறிய வேண்டும். ஒரு சமன்பாட்டில் தெரியாதது இரண்டு இருந்தால் கணக்கு மாஸ்டரும் திணறுவார்.

இந்த மணலிலிருந்து வெள்ளைப் பெயின்ட்டுக்கான டைட்டானியம் டை ஆக்ஸைடைப் பெற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அடர் கந்தக அமிலத்தில் வேகவைப்பது. அந்த முதல் வினையில் இரும்பு +2ஆகவே இரும்பு சல்பேட்டுக்குள் போகிறது, டைட்டானியம் +4ஆகவே அதன் சல்பேட்டுக்குள் போகிறது. எண் மாறவில்லை, ஏற்ற ஒடுக்க வினை அல்ல. மற்றொன்று, கரியோடு சேர்த்துச் சூடாக்கிக் குளோரினைச் செலுத்துவது. பாடநூல்களில் இதன் சமன்பாடு இப்படி வரும்: இரண்டு இல்மனைட், ஏழு குளோரின் மூலக்கூறு, ஆறு கார்பன் சேர்ந்து இரண்டு டைட்டானியம் டெட்ரா குளோரைடு, இரண்டு இரும்பு டிரை குளோரைடு, ஆறு கார்பன் மோனாக்ஸைடு. பேத்தியிடம் கேட்டேன்: இதில் ஆக்ஸிஜனேற்றம் அடைவது எது? யோசிக்காமல் "டைட்டானியம்" என்றாள். வினையே டைட்டானியத்துக்காகத்தானே நடக்கிறது என்பது அவள் நியாயம். எண்ணைப் போடச் சொன்னேன். டைட்டானியம் அந்தப் பக்கமும் +4, இந்தப் பக்கமும் +4. யாருக்காகக் கல்யாணப் பந்தல் போட்டார்களோ அவர் எழுந்திருக்கவே இல்லை. கார்பன் ஆறும் பூஜ்யத்திலிருந்து +2க்குப் போய்ப் பன்னிரண்டு எலக்ட்ரான் கொடுத்தன. இரும்பு இரண்டும் +2இலிருந்து +3க்குப் போய் இரண்டு கொடுத்தன. ஆகப் பதினான்கு. ஏழு குளோரின் மூலக்கூறில் பதினான்கு அணு. ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு −1 ஆயின. கொடுத்தது பதினான்கு, வாங்கியது பதினான்கு. பேத்தி இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

ஒரே மணல். அமிலத்தில் போட்டால் எண் அசையவில்லை, குளோரினில் போட்டால் பதினான்கு எலக்ட்ரான் கைமாறுகிறது. பொருளைப் பார்த்து வினையின் வகையைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ரப்பர் பாலில் ஃபார்மிக் அமிலம் ஊற்றி உறையவைப்பதும் ஏற்ற ஒடுக்க வினை அல்ல; பித்தளை விளக்கில் ஏறும் களிம்பு ஏற்ற ஒடுக்க வினை, அதைப் புளி போட்டுத் தேய்த்து எடுப்பது அல்ல. குளச்சல் துறைமுகத்தில் படகு மோட்டாரின் அடியில் திருகி வைக்கும் துத்தநாகக் கட்டி கரைவது ஏற்ற ஒடுக்க வினை. அது தன்னைக் கொடுத்து மோட்டாரைக் காக்கிறது. இவற்றை ஒவ்வொன்றாக விளக்கினால் தங்கள் பக்கம் போதாது.

உப்பு ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். புத்தளம், சாமிதோப்பு உப்பளங்களைக் கடந்துதான் நான் கன்னியாகுமரிக்குப் பஸ்ஸில் போவேன். கடையில் வாங்கும் அயோடின் உப்பில் அயோடின் பெரும்பாலும் பொட்டாசியம் அயோடேட்டாக இருக்கிறது. அதில் அயோடினுக்கு +5. பொட்டாசியம் அயோடைடில் அதே அயோடினுக்கு −1. உப்புக் கரைசலில் அயோடைடும் சிறிது அமிலமும் சேர்த்தால் இரண்டும் நடுவழியில் பூஜ்யத்தில் வந்து சந்தித்து அயோடினாகின்றன. கஞ்சித் தண்ணீரை விட்டால் கருநீலம். ஒன்று ஐந்து படி இறங்க வேண்டும், மற்றது ஒரு படிதான் ஏறும். ஆகவே ஓர் அயோடேட்டுக்கு ஐந்து அயோடைடு. ஆக்ஸிஜனேற்றம் செய்வதும் ஒடுக்கம் செய்வதும் ஒரே தனிமம். எங்கள் ஆய்வகத்தில் பிள்ளைகள் தங்கள் தங்கள் வீட்டு உப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து சோதிப்பார்கள். அளத்திலிருந்து நேராக அள்ளிக்கொண்டு வந்த பையனின் குழாயில் மட்டும் நிறம் வராது. அதைப் பார்க்க மற்றவர்கள் மேசையைச் சுற்றி நெருக்கியடித்து நிற்பார்கள்.

நான் கேட்பது மூன்று. அடுத்த செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் ஏழாவது வினாவின் விடையைத் திருத்தி, எந்த அணுவின் எண் எதிலிருந்து எதற்கு மாறியது என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள். விடை எண்ணை மட்டும் மாற்றிப் போட்டால், சிப்பி வேகும்போது ஒடுக்கம் நடக்கிறது என்று நம்பிய பிள்ளை அதே நம்பிக்கையோடுதான் இருக்கும். விடைத்தாளில் மட்டும் வேறு எழுதிவைக்கும். பதினோராவது வினாவில் "ஏழு எலக்ட்ரான்களை இழந்து நிற்கிறது" என்ற வரியை எடுத்துவிடுங்கள். இனி மாதிரி வினாக்களை அச்சுக்குக் கொடுக்கும் முன் இருபக்கமும் எண் போட்டுப் பார்த்த தாளையும் கேட்டு வாங்குங்கள். ஒரு வினாவுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர் ஒருவர்,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.

பின்குறிப்பு: பன்னிரண்டாவது வினாவில் சோடியம் தயோசல்பேட்டில் கந்தகத்துக்கு +2 என்று போட்டிருந்ததையும் தவறு என்று இந்தக் கடிதத்தின் முதல் பிரதியில் எழுதியிருந்தேன், அங்கே இரண்டு கந்தகமும் ஒரே நிலையில் இல்லை என்பது என் வாதம். தபாலில் சேர்க்கக் கொடுத்தபோது பேத்தி படித்துவிட்டு, வினாவில் "சராசரி" என்ற சொல் இருப்பதைக் காட்டினாள். விடை சரிதான். அந்தப் பத்தியை அடித்துவிட்டுக் கடிதத்தை மறுபடியும் எழுதியிருக்கிறேன். ஒரு நாள் தாமதமானதற்கு அதுதான் காரணம்.